லாங்காஸ்டர் ஜில்லாவின் பழைய பண்ணை வீடுகளும் கொட்டகைகளும்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பாகத்திலுள்ள பென்ஸில்வேனியா ராஜ்யத்தில், ஸஸ்குஹானா நதியின் கீழ்க்கரையை ஒட்டி லாங்காஸ்டர் என்னும் ஜில்லா அமைந்திருக்கிறது. 1729-ம் வருஷத்தில் செஸ்டர் ஜில்லாவினின்றும் இது பிரிக்கப்பட்டது. சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் உண்டான ஆழமான மண்ணும், வருஷத்தில் பன்னிரண்டு மாதங்களிலும் பரவலாகப் பெய்யும் சுமார் 42 அங்குல மழையும் இந்த ஜில்லாவின் செல்வங்கள். ஏரிப் பாசனமோ கால்வாய்ப் பாசனமோ பெரும்பாலும் இல்லாமலே இங்கு மக்காச்சோளம், கோதுமை, குதிரைமசால் முதலியவை செழித்து விளைகின்றன. ஏறக்குறைய 5,000 பண்ணைகள் உண்டு. சராசரிப் பண்ணையின் அளவு 80 ஏக்கர் வரையில்தான். அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமுள்ள பெரும் பண்ணைகளே நினைவுக்கு வருவது வழக்கமாயினும், இந்த ஜில்லா அவ்விதமானதன்று. இங்கே குடும்பமே பண்ணை, பண்ணையே குடும்பம்.

இத்தகைய பண்ணைகள் ஒவ்வொன்றிலும் ஒரு வீடும் ஒரு பெருங் கொட்டகையும் இருக்கும். அவற்றுள் பல, 150 வருஷங்களுக்கும் மேற்பட்டவை. சில, 250 வருஷங்களையும் கடந்தவை. இக்கட்டிடங்கள் இப்பொழுது ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. நெருப்பினாலும் புயலினாலும் மறைபவை கொஞ்சமே. கவனிப்பாரின்றி இற்று விழுபவையும், உடையவர்களே பிரித்து விற்றுவிடுபவையுமே அதிகம். 1999-ம் வருஷத்தில் அந்நாட்டின் சரித்திரச் சின்னப் பாதுகாப்புக்கான தேசிய டிரஸ்டு, மிகவும் ஆபத்திலிருக்கும் பதினோரிடங்களின் ஜாபிதாவில் லாங்காஸ்டர் ஜில்லா முழுவதையும் சேர்த்தது. ஒரு கோயிலோ அரண்மனையோ அன்றி ஒரு ஜில்லாவே அந்த ஜாபிதாவில் இடம்பெற்றது கவனிக்கத்தக்கது.

கொட்டகை என்ற சொல், கீற்று வேய்ந்து நான்கு மூங்கிற்கால்கள் நட்ட பந்தலை நினைப்பூட்டக்கூடும். இங்கே சொல்லப்படும் கட்டிடம் அதுவன்று. 40 முதல் 50 அடி அகலமும், 60 முதல் 100 அடி நீளமும், இரண்டு தட்டுகளும் உடைய பெருங் கட்டிடம் இது. பண்ணையில் வீட்டைக் காட்டிலும் இதுவே பெரிது. புதிதாக நிலம் வாங்கிக் குடியேறியவர்களில் பலர், தாங்கள் மரக்கட்டைக் குடிலில் இருந்துகொண்டு முதலில் கொட்டகையைக் கட்டி முடித்த பிறகே கல் வீடு கட்டினார்கள். சம்பாதித்துக் கொடுக்கும் கட்டிடத்துக்கே முதலிடம்.

இதன் அமைப்பை அறிந்தாலொழியக் காப்பாற்றும் முறை விளங்காது. கொட்டகையானது ஒரு மேட்டின் சரிவை வெட்டி, அதில் பதித்தாற்போலக் கட்டப்பட்டிருக்கும். மேட்டுப்பக்கம் பெரும்பாலும் வடக்கு, பள்ளப்பக்கம் தெற்கு. கீழ்த்தட்டு மாட்டுத்தொழுவமும் குதிரை லாயமும். அதன் வடசுவர் மண்ணிற் புதைந்திருப்பதால் குளிர்காற்று உள்ளே புகாது. தென்புறம் திறந்த முற்றமாகையால் மாரிக்காலத்துச் சாய்ந்த வெயில் தொழுவத்தினுள் விழும். மேட்டின் வழியாகப் பார வண்டியை நேரே மேல்தட்டுக்கு ஓட்டிச் செல்லலாம். மேல்தட்டின் நடுவில் கதிரடிக்கும் மரத்தளம். அதன் இருபுறமும் உலர்ந்த புல்லும் வைக்கோலும் அடைக்கும் ஆழமான அறைகள். ஒரு மூலையில் தானியப் பத்தாயம். தீனியை மேலிருந்து துவாரத்தின் வழியே கீழே தள்ளினால் அது மாட்டின் முன்னே விழும். எருவைக் கீழ்த்தட்டிலிருந்து முற்றத்துக்கு வாரிவிட்டால் அங்கிருந்து வயலுக்குப் போய்விடும். ஒரு பொருளும் எதிர்த்திசையில் சுமக்கப்படுவதில்லை. ஆள் பற்றாத நாட்டில் ஒரு குடும்பம் இவ்வளவு கால்நடையை வைத்துச் சமாளித்ததன் இரகசியம் இந்தச் சரிவுதான்.

தென்புறத்தில் மேல்தட்டு, கீழ்ச்சுவரைவிட நாலு முதல் ஆறடி, சில இடங்களில் அதற்கும் மேலாக, வெளியே நீண்டிருக்கும். தொழுவத்தின் கதவுகளுக்கு அது தாழ்வாரம்போல் நின்று மழையையும் பனியையும் தடுக்கிறது. இந்த நீட்டமே பென்ஸில்வேனியாக் கொட்டகையின் அடையாளம். ராபர்ட் என்ஸ்மிங்கர் என்னும் ஆராய்ச்சியாளர் 1992-ல் வெளியிட்ட நூலில், ஸ்விட்ஜர்லாந்தின் பிராட்டிகாவ் பள்ளத்தாக்கிலுள்ள கொட்டகைகளே இதற்கு மூலம் என்று காட்டியிருக்கிறார். ஸ்விட்ஜர்லாந்திலிருந்தும் ஜெர்மனியின் ரைன் நதிப் பிரதேசத்திலிருந்தும் மத நிர்ப்பந்தத்தால் வெளியேறிய மெனனைட் மதப் பிரிவினர் 1710-ம் வருஷ முதற்கொண்டு இங்குக் குடியேறினார்கள். மலைச்சரிவிலே கட்டிப் பழகியவர்கள் இந்த ஜில்லாவின் சிறு மேடுகளையும் அவ்விதமே உபயோகித்துக்கொண்டனர்.

கீழ்த்தட்டின் சுவர், பண்ணையிலேயே எடுத்த சுண்ணாம்புக்கல்லால் ஆனது. அதே கல்லைப் பண்ணைச் சூளையிற் சுட்டு, அந்தச் சுண்ணாம்பினால் காரை செய்தார்கள். மேல்தட்டின் சட்டம் வெள்ளை ஓக் மரத்தாலும் செஸ்ட்நட் மரத்தாலும் ஆனது. தூண்களையும் உத்திரங்களையும் இரும்பாணியில்லாமல், ஒன்றிற் செதுக்கிய கழுந்தை மற்றொன்றின் துளையிற் செருகி, குறுக்கே மரமுளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்குரியது என்பதற்குத் தச்சர் உளியால் வெட்டிய ரோமன் எண்களை இன்றும் காணலாம். செஸ்ட்நட் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1904-ல் நியூயார்க் நகரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சண நோய், சுமார் ஐம்பது வருஷங்களுக்குள் அந்நாட்டுக் காடுகளிலிருந்த பெரிய செஸ்ட்நட் மரங்களை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்டது. ஆகையால் பழைய கொட்டகையிலுள்ள செஸ்ட்நட் உத்திரத்துக்கு ஈடாகப் புது உத்திரம் எந்தக் காட்டிலும் கிடையாது.

கொட்டகையின் குறுகிய பக்கச் சுவர்களைச் சிலர் செங்கல்லால் எழுப்பி, காற்றுக்காக அங்கங்கே செங்கற்களை விட்டுவிட்டுக் கட்டினார்கள். அந்தத் துவாரங்கள் கோதுமைக் கட்டு, மதுக் கிண்ணம், வைரம் போன்ற உருவங்களாக அமைந்திருக்கும். பார்ப்பவர்கள் இதனை வெறும் அலங்காரமென்று எண்ணுவதுண்டு. சரியாக உலராத புல்லை அடைத்தால் அது உள்ளே புழுங்கிச் சூடேறித் தானே தீப்பற்றிக்கொள்ளும் என்பது கால்நடை வைத்திருப்பவர்கள் அறிந்ததே. பாரன்ஹீட் 175 டிகிரிக்குமேல் சூடு சென்றால் எந்த நேரத்திலும் தீப்பிடிக்கலாம். அந்தப் புழுக்கத்தை வெளியேற்றவே துவாரங்கள் விடப்பட்டன. பழைய கொட்டகையை அழகுபடுத்துவதாக நினைத்து இவற்றை அடைத்துவிட்டவர்கள் பிறகு வருந்தியிருக்கிறார்கள்.

வீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜில்லாவில் நிற்கும் வீடுகளுள் மிகப் பழையது ஹான்ஸ் ஹெர் வீடு எனப்படுவது. அதனை 1719-ல் அவர் குமாரர் கிறிஸ்டியன் ஹெர் கட்டினார். மணற்கல்லாலான சுவரும், மிகச் செங்குத்தான கூரையும், நடுவில் ஒரே புகைபோக்கியும் உடையது. புகைபோக்கியின் ஒரு புறம் சமையலறை. அங்கு எரியும் நெருப்பே சுவருக்கு அப்பாலுள்ள இருப்பறையின் இரும்பு அடுப்பையும் சூடாக்கும். கூரைக்குள் அடுக்கடுக்கான பரண்களில் தானியம் வைத்தார்கள். மெனனைட் மதத்தினர் தொழுகைக்குக் கூடுமிடமாகவும் அது இருந்தது. 1860-ம் வருஷங்கள் வரையில் அக்குடும்பத்தார் பல தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். பிறகு அது கொட்டகையாகவும் சாமான் போடும் இடமாகவும் நூறு வருஷம் கிடந்து, 1970-க்குப் பின் பழைய நிலைக்குத் திருத்தப்பட்டு இப்பொழுது காட்சிசாலையாக விளங்குகிறது. யாரும் குடியிராத அந்த நூறு வருஷங்களில் அந்த வீட்டைக் காப்பாற்றியது எது? அதனை யாரோ எதற்கோ உபயோகித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். உள்ளே சாமான் வைத்திருப்பவன் ஒழுகும் கூரையைச் சும்மா விடமாட்டான்.

இவ்வளவு திடமான கட்டிடங்கள் ஏன் கைவிடப்படுகின்றன என்பதை நியாயமாகவே பார்க்க வேண்டும். பழைமையில் மக்களுக்கு அக்கறையில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. முதலாவது, இயந்திரங்கள் பெரிதாகிவிட்டன. குதிரை வண்டிக்கென்று அமைந்த வாசலில் அறுவடை இயந்திரம் நுழையாது. கதிரடிப்பு வயலிலேயே நடந்துவிடுவதால் அடிக்கும் தளத்துக்கு வேலையில்லை. இரண்டாவது, உதிரிப்புல்லுக்குப் பதிலாக இயந்திரத்தால் இறுக்கிக் கட்டிய புற்கட்டுகள் வந்தன. ஒரு கன அடி இடத்தில் உதிரிப்புல்லைப்போல் சுமார் இரு மடங்கு எடையுள்ள இக்கட்டுகளை, பழைய கணக்கில் அமைந்த தளத்தில் முகடு வரையில் அடுக்கினால் உத்திரங்கள் முறிகின்றன. மூன்றாவது, நகரங்களுக்குச் செல்லும் பாலுக்குச் சுகாதார விதிகள் ஏற்பட்டபொழுது, மண் தளமும் மர அடைப்புமுள்ள தொழுவத்தில் பால் கறந்து விற்பது கூடாதென்றாயிற்று. சிலர் தொழுவத்தில் சிமெண்டுத் தளம் போட்டுச் சமாளித்தனர். பலர் பக்கத்திலேயே தாழ்ந்த தகரக் கொட்டகை கட்டிக்கொண்டு பழையதைச் சும்மா விட்டனர். நான்காவது, பிலடெல்பியா போன்ற நகரங்களிலிருந்து குடியேறுவோரால் நிலத்தின் விலை ஏறி, வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. மனை வாங்கியவருக்குக் கொட்டகை எதற்கு? ஐந்தாவதாக, பழைய மரத்தை விலைக்கு வாங்கும் வியாபாரிகள் வந்தார்கள். இருநூறு வருஷம் காய்ந்து நரைத்த பலகையையும் கோடாரியாற் செதுக்கிய உத்திரத்தையும் நகரத்து உணவு விடுதிகளுக்கும் மாளிகைகளுக்கும் அலங்காரமாக வைக்க அவர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். வரி கட்டவும் இன்ஷூரன்ஸ் செலுத்தவும் கஷ்டப்படும் ஒரு விவசாயி, இடிந்துகொண்டிருக்கும் கொட்டகைக்கு ரொக்கம் கிடைக்குமென்றால் மறுப்பது அரிது. அவரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

1987-ம் வருஷத்தில் மேற்சொன்ன தேசிய டிரஸ்டும் ஒரு விவசாயப் பத்திரிகையும் சேர்ந்து, பழைய கொட்டகையை மீண்டும் விவசாயத்துக்கே உபயோகிக்கும் வழிகளைக் கற்பிக்கும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2007-ம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பில், 1960-க்கு முன் கட்டிய கொட்டகைகளைப் பற்றி முதன்முதலாகக் கேள்வி கேட்கப்பட்டு, அந்நாடெங்கும் 6,64,264 என்று கணக்கு வந்தது. இது வேலை நடக்கும் பண்ணைகளில் உள்ளவை மட்டும். மனைகளுக்கிடையிலும் கைவிட்ட நிலங்களிலும் நிற்பவை கணக்கில் வரவில்லை.

இனிக் கட்டிடம் அழியும் விதமும் காக்கும் விதமும். இதில் முதலும் முடிவுமாக உள்ள சத்துரு தண்ணீர் ஒன்றே. மரத்தின் எடையில் ஈரம் 20 சதவிகிதத்துக்கு உட்பட்டிருக்கும் வரையில் அதனை உக்கவைக்கும் காளான் வளராது. அந்த மரம் முந்நூறு வருஷமும் நிற்கும். ஈரம் 30 சதவிகிதத்தை எட்டி அங்கேயே தங்கிவிட்டால் ஓக் மரமும் சில வருஷங்களில் விரலாற் பிய்க்கத்தக்கதாகிவிடும். ஈரம் பட்ட மரத்தையே துளைக்கும் வண்டுகளும் அதிகமாக நாடுகின்றன. ஆதலால் கையிலிருக்கும் பணம் எவ்வளவு குறைவாயினும் அது முதலில் கூரைக்கே போகவேண்டும். சுவருக்கு வர்ணம் பூசுவதும், கதவு புதுப்பிப்பதும், சாளரத்துக்குக் கண்ணாடி போடுவதும் பின்னால்தான். இவ்வரிசையைத் தலைகீழாக நடத்திப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

பழைய கூரைகளில் மரச் சில்லுகளோ, ஸ்லேட்டுக் கல்லோ வேய்ந்திருக்கும். ஜில்லாவின் தென்கோடியிலும் நதிக்கு அப்பாலும் கிடைத்த பீச் பாட்டம் என்னும் ஸ்லேட்டுக் கல் மிகவும் கெட்டியானது. கல் கெடுவதற்கு முன் அதைப் பிடித்திருக்கும் ஆணி துருப்பிடித்து இற்றுவிடும். அதனால் கற்கள் சரியத் தொடங்கினவுடன் கல் கெட்டுவிட்டதென்று நினைத்து அனைத்தையும் எறிந்துவிடலாகாது. சரிந்த கற்களை எடுத்து, செம்பாணி கொண்டு மறுபடியும் பதிக்கலாம். அதற்கும் வசதியில்லாதவர்கள் தற்காலிகமாகத் துத்தநாகத் தகடு போர்த்தினாலும் குற்றமில்லை. அழகிய கல்லின் நடுவே ஓட்டை வைத்துக்கொண்டிருக்கும் கொட்டகையைவிடத் தகரம் போர்த்தி உலர்ந்திருக்கும் கொட்டகை எவ்வளவோ மேல். தகரத்தைப் பின்னொரு காலத்தில் கழற்றலாம். இற்றுப்போன கைமரம் திரும்பி வராது.

கூரைக்கு அடுத்தது தரை. கூரையிலிருந்து வடியும் நீர் சுவரின் அடியிலேயே விழுந்து தேங்கினால் அஸ்திவாரம் இளகும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து கற்களைத் தள்ளும். மேட்டுப்பக்கச் சுவர், பின்னாலிருக்கும் மண்ணின் பாரத்தையும் ஈரத்தையும் சேர்த்துத் தாங்குவதால் அதுவே முதலில் உட்புறமாகப் பிதுங்கும். அதன் பின்னே கூழாங்கல் நிரப்பிய வடிகால் வெட்டி நீரைப் பக்கவாட்டில் போக்குவதே முறை. சுவரையொட்டி எருக்குவியல் போடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். எருவிலுள்ள உப்புகள் கல்லிலும் காரையிலும் ஊறி, உலர்ந்து, பொரித்துவிடும். சுவரில் படரும் கொடியும், மூலையில் தானே முளைத்த மரமும் அழகாயிருக்கலாம். அவற்றின் வேர் அடுத்த தலைமுறைக்குள் சுவரைப் பிளக்கும்.

காரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய சுவரின் இடுக்குகள் உதிர்ந்தவுடன் சிமெண்டுக் கலவை கொண்டு பூசிவிடுவது எங்கும் காணும் வழக்கம். சிமெண்டு பலமானதாயிற்றே, அதில் என்ன தோஷம் என்று கேட்கலாம். பலமே தோஷம். சுண்ணாம்புக் காரை சற்று மெதுவானதும், ஈரத்தைத் தன் வழியே வெளிவிடுவதுமாகும். சுவர் சற்றே அசைந்தால் காரை இடங்கொடுக்கும். ஈரம் புகுந்தால் காரை வழியே ஆவியாகும். காலத்தில் தேய்வதும் காரைதான், கல்லன்று. சிமெண்டு இடுக்கை அடைத்துவிட்டால், சுவருக்குள் புகுந்த ஈரம் கல்லின் வழியே வெளிவர வேண்டியதாகிறது. குளிரில் அது உறைந்து கல்லின் முகத்தையும், சிறப்பாக மெதுவான பழைய செங்கல்லின் முகத்தையும், பெயர்த்துவிடும். முப்பது வருஷத்துக்குப்பின் சிமெண்டு வரிகள் மட்டும் சிலந்திக்கூடுபோல் துருத்திக்கொண்டு நிற்க, இடையிலுள்ள செங்கல் குழிந்திருக்கக் காணலாம். கலவையானது தான் பிடிக்கும் கல்லைவிட மெதுவாயிருக்க வேண்டுமென்பதை அந்நாட்டு தேசிய பூங்கா இலாகா தன் துண்டுப்பிரசுரங்களில் வற்புறுத்தி வருகிறது. கொட்டகைகளுக்கென்றே தனியாக 1989-ல் ஒரு பிரசுரமும் வெளியிட்டிருக்கிறது.

மரச்சட்டத்தில் காணும் கோளாறுகளில் முக்கியமானது ஒன்று, முன்னோரின் கைவேலையே. 1867-ல் வில்லியம் லௌடன் என்பவர் முகட்டின் கீழ் ஓடும் தண்டவாளத்தில் புல்லைத் தூக்கிச் செல்லும் கருவிக்குப் பேடெண்டு பெற்றார். அது வேகமாய்ப் பரவியபொழுது, புற்சுமை போகும் வழியில் தடையாயிருந்த குறுக்கு உத்திரங்களைப் பல விவசாயிகள் ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள். அந்த உத்திரங்களோ, கூரை இருபுறமும் சரிந்து சுவர்களை வெளியே தள்ளாமல் பிடித்துக்கொண்டிருந்த கயிறு போன்றவை. அறுத்தபின் கொட்டகை உடனே விழவில்லை. ஐம்பது அறுபது வருஷம் சென்றபின், முகடு நடுவில் குழைந்து, சுவர் மேற்பக்கம் அகன்று, கழுந்துகள் துளையைவிட்டு ஓரிரு அங்குலம் வெளிவந்திருப்பது காணப்படும். இதற்குப் பரிகாரம், இரும்புக் கம்பிவடத்தைக் குறுக்கே கட்டி, திருகு யந்திரத்தால் சிறிது சிறிதாக இறுக்கிச் சட்டத்தைப் பழைய இடத்துக்குக் கொணர்ந்து, பிறகு புது உத்திரம் பொருத்துவதாகும். தாழ்ந்துபோன தூணைத் தூக்குவதும் அவ்விதமே. நூறு வருஷமாகச் சாய்ந்ததை ஒரு நாளில் நிமிர்த்தினால் கழுந்துகள் வெடிக்கும், வாரக்கணக்கில் செய்யவேண்டும்.

தூணின் அடி மட்டும் உக்கியிருந்தால் தூண் முழுவதையும் மாற்ற வேண்டுவதில்லை. கெட்ட பாகத்தை அறுத்து, அதே ஜாதி உலர்ந்த மரத்தைச் சாய்வாக ஒட்டிணைத்து முளையடித்தால் போதும். இந்த வேலை தெரிந்த தச்சர்கள் இந்த ஜில்லாவில் இன்னும் கிடைப்பதற்குக் காரணம் அங்குள்ள ஆமிஷ் என்னும் சமூகத்தார்.

ஆமிஷ் மக்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளாமல், வயலில் குதிரையும் கோவேறு கழுதையும் பூட்டி உழுபவர்கள். குதிரைக்கு லாயமும், கால்நடைக்குத் தீனி அடைக்கப் புல்லறையும் அவர்களுக்கு இன்றும் வேண்டும். ஆகவே பழைய கொட்டகை அவர்களுக்குச் சரித்திரச் சின்னமன்று, அன்றாடக் கருவி. ஒருவருடைய கொட்டகை நெருப்பில் போனால், அக்கம்பக்கத்தார் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்து புதுச் சட்டத்தை ஒரே நாளில் தூக்கி நிறுத்துவது அவர்களது வழக்கம். கவனிக்க வேண்டியது, அவர்கள் பழையதை மாற்றுவதற்கும் கூசுவதில்லை. வேண்டிய பக்கத்தில் நீட்டுவார்கள், தகரம் போடுவார்கள், தளத்தை உயர்த்துவார்கள். புராதன அமைப்பு கெட்டுவிட்டதென்று இதனைக் குறை கூறும் நிபுணர்கள் உண்டு. ஆயினும் இந்த ஜில்லாவில் இத்தனை கொட்டகைகள் நிற்பது நிபுணர்களால் என்பதைவிட இந்த மாற்றங்களால் என்பதே பொருந்தும்.

விவசாயத்துக்கே உபயோகிப்பது எப்பொழுதும் முதல்தரமான வழி. பெரிய கறவை மந்தைக்கு உதவாத தொழுவம், கன்றுகளுக்கும் ஆடுகளுக்கும் போதியது. மேல்தட்டில் நாலைந்து தூண்களுக்கிடையே வாசலை மட்டும் உயர்த்தி டிராக்டரும் கருவிகளும் நிறுத்துகிறார்கள். சிலர் காய்கறி விற்கும் கடையாகவும், பாலாடைக் கட்டி செய்யுமிடமாகவும், விருந்தினர் தங்கும் விடுதியாகவும், கலியாண மண்டபமாகவும் மாற்றியிருக்கின்றனர். கலியாண மண்டபத்தில் வருமானம் அதிகம். ஆனால் நூற்றுக்கணக்கானோர் கூடும் இடமென்றவுடன் தீ விபத்து, மாடிப்படி, கழிப்பிடம் ஆகியவற்றின் சட்டங்கள் வந்துவிடும். அவற்றை நிறைவேற்றும் செலவை முன்னரே கணக்கிடாமல் இறங்கியவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

செலவு யாருடையது என்பதே கடினமான கேள்வி. 1966-ம் வருஷத்துச் சரித்திரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தேசியப் பதிவேடு ஒன்று ஏற்பட்டிருக்கிறது. அதில் தம் கொட்டகையைப் பதிந்துவிட்டால் பிறகு ஆணி அடிக்கவும் சர்க்கார் உத்தரவு கேட்கவேண்டுமென்று பல விவசாயிகள் அஞ்சுகிறார்கள். இது தவறு. சொந்தக்காரர் தம் சொந்தப் பணத்தில் எதைச் செய்தாலும், இடித்தாலுமேகூட, அப்பதிவு மாத்திரம் அதைத் தடுப்பதில்லை. ஸ்தல விதிகள் வேறு விஷயம். பதிவினால் வரும் முக்கிய அனுகூலம், வருமான வரியில் கிடைக்கும் சலுகை. வருமானம் தரும் பழைய கட்டிடத்தை ஒழுங்கான முறையில் திருத்தினால், செலவில் 20 சதவிகிதம் மத்திய சர்க்கார் வரியில் கழித்துக்கொள்ளப்படும். 2017-ம் வருஷத்துச் சட்டத்திற்குப் பின் அது ஐந்து வருஷங்களில் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. விவசாயத்தில் உபயோகமாகும் கொட்டகையும் இதற்கு உரியதே. உடையவர் தாம் குடியிருக்கும் வீடு உரியதன்று. பதிவு பெறாத, 1936-க்கு முந்திய, குடியிருப்பல்லாத கட்டிடங்களுக்குக் கிடைத்துவந்த 10 சதவிகிதச் சலுகையை அதே 2017-ம் வருஷத்துச் சட்டம் நீக்கிவிட்டது. சிறு விவசாயிகளுக்கு அதுவே எளிதாயிருந்தது என்பதால் அது நஷ்டமே. மேலும் வரியில் கழிவு என்பது, வரி கட்டுமளவு வருமானம் உள்ளவருக்குத்தான் உதவும். கூரை ஒழுகிக்கொண்டிருக்கையில் கையில் ரொக்கம் தராது.

ரொக்கம் கொடுக்கும் முயற்சியும் நடந்தது. 2002-ம் வருஷத்து விவசாயச் சட்டத்தில் பழைய கொட்டகைகளின் பாதுகாப்புக்கென்று ஒரு திட்டம் சேர்க்கப்பட்டது. திட்டம் காகிதத்தில் ஏறியதேயன்றி அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. வாஷிங்டன் ராஜ்யம் 2007-ல் தன் சொந்தச் சட்டமொன்றினால், கொட்டகைகளைப் பதிந்து, உடையவர் போடும் பணத்துக்கு ஈடாக மானியமும் கொடுக்க ஏற்பாடு செய்தது. ஒழுகும் கூரைக்கு உடனே உதவுவது இத்தகைய ஏற்பாடே.

லாங்காஸ்டர் ஜில்லாவில் நிலத்தைக் காக்கும் ஏற்பாடு வெகு சிறப்பானது. 1980-ல் ஜில்லா நிர்வாகம் விவசாய நிலப் பாதுகாப்புக் கழகம் ஒன்றை நிறுவியது. 1988-ல் ஒரு தனியார் டிரஸ்டும் சேர்ந்தது. உடையவர், தம் நிலத்தை மனையாக்கும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விற்றோ கொடுத்தோ விடுவார்; நிலமும் சாகுபடியும் அவரிடமே இருக்கும். பின்னால் யார் வாங்கினாலும் அது வயலாகவே இருந்தாக வேண்டும். இவ்வாறு 1,00,000 ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்டுவிட்டது. ஆனால் அப்பத்திரங்களின் நோக்கம் மண்ணேயன்றிக் கட்டிடமன்று. வயல் என்றென்றும் வயலாயிருக்கும். அதன் நடுவிலிருக்கும் 1790-ம் வருஷத்துக் கொட்டகை அடுத்த மாதமே பிரிக்கப்படலாம். நிலம் நிலைத்திருப்பதால் கொட்டகைக்கும் ஒரு தொழில் நிலைத்திருக்கும் என்பது மறைமுகமான நன்மை. அதற்குமேல் அந்தப் பத்திரத்திலிருந்து எதிர்பார்ப்பதற்கில்லை.

எஞ்சிய அதிகாரம் கிராம ஸ்தாபனங்களிடம் இருக்கிறது. இந்த ஜில்லாவில் ஒரு நகரமும், 18 பேரூர்களும், 41 டவுன்ஷிப்புகளும் ஆக 60 ஸ்தல ஸ்தாபனங்கள் உண்டு. நில உபயோக விதிகளை இயற்றுவது அவையே. சில டவுன்ஷிப்புகள் தங்கள் எல்லைக்குட்பட்ட பழைய கட்டிடங்களுக்கு ஜாபிதா தயாரித்து, அவற்றை இடிக்க விண்ணப்பம் வந்தால் உடனே அனுமதி கொடாமல் சிறிது காலம் நிறுத்திவைக்கின்றன. அவகாசத்தில் வாங்குபவர் கிடைக்கலாம். வேறு உபயோகம் தோன்றலாம். ஒன்றுமில்லாவிடில் அளவெடுத்துப் படம் பிடிக்கவாவது நேரமிருக்கும். பழைய கட்டிடத்தைக் காப்பவருக்கு விடுதி நடத்தவோ கைத்தொழில் செய்யவோ சாதாரண விதிகளைத் தளர்த்திக் கொடுப்பது மற்றொரு முறை. தடுப்பதைவிட இது விரும்பத்தக்கது. ஏனெனில் தடுக்கப்பட்டவர் கொட்டகையை இடிக்காமலே விழவிடலாம்.

ஜாபிதா தயாரிக்கும் அதிகாரிகள் குறிக்க வேண்டியவை அதிகமில்லை. கட்டிடத்தின் நீள அகலம், எந்தத் திசையை நோக்குகிறது, சுவர் எந்தக் கல், சட்டம் எந்த மரம், கூரை எதனால் ஆனது, இப்பொழுது எதற்கு உபயோகமாகிறது என்பவையும், சுவரில் வருஷக்கல் இருந்தால் அதன் வாசகமும். அந்த ஜில்லாவின் வருஷக்கற்களில் கட்டிய ஆண்டோடு கணவன் மனைவி இருவர் பெயரும் பொறிப்பது வழக்கமாகையால், நிலப்பத்திரங்களோடு ஒத்துப்பார்க்க அது உதவும். கல்லை மட்டும் நம்பிவிடலாகாது; எரிந்துபோன பழைய கொட்டகையின் கல்லைப் புதியதில் பதித்தவர்களும் உண்டு.

கட்டிடத்தைப் பரிசோதிக்க ஏற்ற காலம் அங்கே மார்ச்சு மாதக் கடைசியும் ஏப்ரலும் ஆகும். பனி உருகி, தரையில் நீர் எங்கே தேங்குகிறதென்பது அப்போது வெளிப்படையாகத் தெரியும். முந்திய வருஷத்துப் புல் பெரும்பாலும் செலவாகி, மே மாதக் கடைசியில் முதல் அறுப்புக் குதிரைமசால் வருவதற்குமுன் அறைகள் காலியாயிருப்பதால் தூண்களின் அடியைச் சுற்றிலும் பார்க்க முடியும். அடர்ந்த மழை பெய்யும் ஒரு பகற்பொழுதில், கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று மேலே நோக்கினால் ஒளி தெரியும் இடமெல்லாம் ஓட்டை. நீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழேயுள்ள உத்திரத்தையும், சுவரின்மேல் கிடக்கும் மரத்தின் இரு நுனிகளையும் கூரிய ஊசியாற் குத்திப் பார்க்கவேண்டும். ஊசி கால் அங்குலத்துக்குமேல் எளிதில் இறங்கினால் அந்த இடத்தைச் சுண்ணாம்பால் குறியிட்டு, அந்த வருஷத்துப் புல் ஏற்றுவதற்கு முன்னதாகவே தச்சரை அழைக்க வேண்டும்.